இருமிய பன்றி ஒன்று, ரத்தம் கொடுத்த பன்றி வேறொன்று!

‘‘14 தாய்ப்பன்றி, 2 கிடா, குட்டியும் வளர்வதுமாகச் சுமார் 90 உருப்படி வைத்து வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறோம். ஆறு மாதத்துக்கு முன்பு வெளியிலிருந்து ஒரு கிடா வாங்கிவிட்டோம். இப்போது மூன்று, நான்கு மாத வயதுப் பன்றிகள் காலையில் தீனிக்கு எழுப்பும்போது வறட்டு இருமல் இருமுகின்றன. தீனி தின்கின்றன, சாவு எதுவும் இல்லை. ஆனால், 7 மாதத்தில் 90 கிலோ வந்த பன்றிகள், இப்போது 8 மாதம் தாண்டியும் அந்த எடைக்கு வரவில்லை. தீவனம் கொடுப்பவர் ஏற்பாட்டில் 4 தாய்ப்பன்றி, 5 வாரக் குட்டிகள் 2 என்று ஆறு உருப்படிக்கு ரத்தம் எடுத்து அனுப்பினோம். அதில் ஐந்துக்கு ‘மைக்கோபிளாஸ்மா பாசிட்டிவ்’ என்று தாள் வந்திருக்கிறது. தாய்ப்பன்றிகளை மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்கிறார் வியாபாரி. அவர் கேட்கும் விலை பாதிக்கும் கீழே. கொட்டகை போட வைத்த நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்.

விற்க வேண்டாம். இந்த ஒரு தாளை மட்டும் நம்பி நிச்சயம் விற்க வேண்டாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தால் ஒரு விஷயம் தெரியும். இருமுவது மூன்று, நான்கு மாதப் பன்றிகள். ரத்தம் எடுத்தது தாய்ப்பன்றிகளிடமும் பால்குடிக்கும் குட்டிகளிடமும். இருமுகிற பன்றிகளில் ஒன்றுகூட பரிசோதனைக்குப் போகவில்லை. குட்டியைக் கையில் தூக்கிவிடலாம், தாய்ப்பன்றியைக் கூண்டில் நிறுத்திவிடலாம். 40 கிலோ பன்றியைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடு. அதனால் கைக்கு வந்ததில் எடுத்திருக்கிறார்கள். பல பண்ணைகளில் இப்படித்தான் நடக்கிறது. இதில் ஆய்வகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அனுப்பிய சீரத்துக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கும்.

அந்தப் பதில் என்ன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி உள்ளே வந்தபோது அதை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஸ்டாக்ஹோமில் 1971-ம் ஆண்டு உருவான ‘எலிசா’ முறைதான் இன்றைக்கும் பெரும்பாலும் பயன்பாட்டில் இருக்கிறது. 96 சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிகளின் அடியில் கிருமியின் ஒரு பகுதியை ஒட்ட வைத்திருப்பார்கள். பன்றியின் சீரத்தை அதில் விட்டால், அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் மருந்தில் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று இயந்திரம் அளக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பாசிட்டிவ், தாண்டாவிட்டால் நெகட்டிவ்.

ஆக, ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கு ‘இந்தப் பன்றி என்றைக்கோ ஒரு நாள் இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது’ என்றுதான் பொருள். போன மாதமா, போன வருடமா, இப்போதும் நுரையீரலில் கிருமி இருக்கிறதா, இன்றைய இருமலுக்கு அதுதான் காரணமா என்ற எதற்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை. அம்மைத் தழும்பைப் பார்த்து அம்மை வந்திருந்தது என்று சொல்லலாம். இன்று காய்ச்சல் அடிப்பது அம்மையால்தான் என்று சொல்ல முடியுமா?

வாசகரின் தாளையே எடுத்துக்கொள்வோம். முதலில் 5 வாரக் குட்டிகள். பன்றியில் கருப்பை வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குப் போவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் போகிறது. அப்படிப் போனது, தாயிடம் எவ்வளவு இருந்தது, குட்டி எவ்வளவு குடித்தது என்பதைப் பொறுத்து இரண்டு மாதம் வரைகூட குட்டியின் ரத்தத்தில் நிற்கும். எனவே 5 வாரக் குட்டி பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் அது தாயின் கதையைத்தான் சொல்கிறது. நன்றாகச் சீம்பால் குடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய விஷயம்கூட.

அடுத்தது தாய்ப்பன்றிகள். அவை எங்கே வாங்கியவை, முன்பு இருந்த பண்ணையில் மைக்கோபிளாஸ்மாவுக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கடிதத்தில் இல்லை. இது முக்கியம். வழக்கமான மைக்கோபிளாஸ்மா எலிசாவுக்குத் தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும், நோயால் வந்த எதிர்ப்பொருளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தடுப்பூசி போடவே இல்லை என்றாலும், மைக்கோபிளாஸ்மா உலகம் முழுக்கப் பன்றிப் பண்ணைகளில் பரவிக் கிடக்கும் கிருமி. இரண்டு, மூன்று ஈற்று கண்ட தாய்ப்பன்றி ஒன்று அதைச் சந்தித்திருந்தால் ஆச்சர்யமில்லை.

வியாபாரி சொன்னபடி தாய்ப்பன்றிகளை விற்றுவிட்டு, வேறு இடத்திலிருந்து புதிதாகக் கிடேரிப் பன்றிகளை இறக்கினால் என்ன ஆகும்? நிலைமை இன்னும் மோசமாகலாம். பழைய தாய்ப்பன்றிகளுக்குக் கிருமியோடு பழகிய எதிர்ப்பு இருக்கும், வயது ஏற ஏறக் கிருமியை வெளியே விடுவதும் குறையும். இந்தக் கிருமியைப் பார்த்தே இராத இளம் பன்றிகள் இருமும் கொட்டகைக்குள் வந்தால், அவையும் நோய் வாங்கி, முதல் ஈற்றுக் குட்டிகளுக்கும் கொடுக்கும். நகையை மீட்காமலேயே இன்னொரு கடன் வாங்க வேண்டிவரும். இன்னொன்றும் இருக்கிறது. பாதி விலைக்கு வாங்கும் வியாபாரி 14 தாய்ப்பன்றிகளையும் கறிக்குத்தான் கொடுப்பார் என்பது என்ன நிச்சயம்? வேறு ஒரு பண்ணையில் ‘சினைக்குத் தயார்’ என்று இறங்கலாம்.

அப்படியானால் பண்ணையில் மைக்கோபிளாஸ்மா நோய் இல்லையா? இருக்கலாம். வறட்டு இருமல், சாவு இல்லாமை, தீனி தின்றும் எடை ஏறாமை, மூன்று நான்கு மாத வயது, எல்லாம் அதற்குப் பொருந்திதான் வருகின்றன. வெளியிலிருந்து வந்த கிடா மேலும் சந்தேகம் வர வேண்டியதே. ஆனால், இதே இருமல் உருளைப்புழுவாலும் வரும். புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, குஞ்சுப்புழு ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போய்த்தான் மறுபடி குடலுக்குத் திரும்புகிறது. அந்தப் பயணத்தில் பன்றி இருமும். வெட்டும்போது ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் புழுவைச் சந்தேகிக்கலாம். மண்ணில் மேய்ந்து மண்புழு தின்னும் பன்றிகளுக்கு நுரையீரல் புழுவும் உண்டு. தூசித் தீவனம், மூத்திர நெடி ஏறும் அடைசலான கொட்டகை, இவையும் இருமலைக் கூட்டும். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்பதை வாசகர் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், அது அந்த ஆய்வகத் தாளைவிடப் பயன்படும்.

உண்மையைக் கண்டுபிடிக்க மலிவான வழி, கறிக்குப் போகும் பன்றியின் நுரையீரலைப் பார்ப்பது. அடுத்த முறை விற்கும்போது நான்கைந்து பன்றிகளின் நுரையீரலை எடுத்து வைக்கச் சொல்லி, கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்ட வேண்டும். நல்ல நுரையீரல் இளஞ்சிவப்பாக, பஞ்சுபோல் அமுங்கும். மைக்கோபிளாஸ்மா என்றால், நுரையீரலின் முன்பக்கக் கீழ் நுனிகள் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ மாறி, சதைபோல் கெட்டியாக இருக்கும். நல்ல பகுதிக்கும் கெட்ட பகுதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். அந்த இடத்தில் ஒரு துண்டை மருத்துவர் எடுத்து பி.சி.ஆர் பரிசோதனைக்கு அனுப்பினால், கிருமியே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களில் எந்தப் பரிசோதனை இப்போது நடக்கிறது என்று மருத்துவர் மூலம் முன்கூட்டியே கேட்டுவிட்டு மாதிரி எடுப்பது நல்லது. மைக்கோபிளாஸ்மாவைச் சாதாரணமாக வளர்த்துப் பார்ப்பது சிரமம், ஆகவே ‘கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை’ என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ரத்தப் பரிசோதனைதான் செய்ய வேண்டும் என்றால், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வயது வாரியாக எடுக்க வேண்டும். 10 வாரம், 14 வாரம், 18 வாரம், விற்கும் வயது என்று ஒவ்வொரு குழுவிலும் சிலவற்றுக்கு எடுத்தால், எந்த வயதில் எதிர்ப்பொருள் ஏறத் தொடங்குகிறது என்று தெரியும். அந்த வயதுக்குச் சில வாரம் முன்புதான் கிருமி பரவுகிறது. ஏனென்றால், மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிர்ப்பொருள் ரொம்பவும் சோம்பலாகத்தான் ஏறும், சில வாரம் முதல் இரண்டு மாதம் வரைகூட ஆகலாம். இன்று இருமும் பன்றிக்கு இன்று ரத்தம் எடுத்தால் நெகட்டிவ் வருவதும் சகஜம். அதே பன்றிக்கு மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டு சீரத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து, அளவு நன்றாக ஏறியிருந்தால்தான் ‘இப்போது வந்த நோய்’ என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் சீரத்தைப் பிரித்து உறைய வைத்துப் பாதுகாத்தால் போதும்.

தாளில் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும் இருந்தால் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்பதும், பல மடங்கு மேலே நிற்பதும் ஒன்றல்ல. எந்தக் கிட்டிலும் கொஞ்சம் தவறு உண்டு. 100 நல்ல பன்றியில் 3 பன்றியைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் கிட் என்று வைத்துக்கொண்டால், நோயே இல்லாத பண்ணையில் 30 பன்றிக்கு எடுத்தாலும் ஒன்றாவது பாசிட்டிவ் வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே ஒற்றைப் பன்றியின் ஒற்றைப் பாசிட்டிவ்வைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

ரத்தம் எடுப்பதைக் கால்நடை மருத்துவரே செய்ய வேண்டும். கழுத்தடியில் ஊசி எங்கே போகிறது என்று தெரியாதவர் குத்தினால் பன்றி செத்தும் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய் கூடாது, வெறும் குழாய்தான். சாய்த்து வைத்து உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். குழாயைக் குலுக்கினாலும், ரத்தத்தை அப்படியே ஃப்ரீசரில் வைத்தாலும் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும், பரிசோதனை கெட்டுவிடும். ஒவ்வொரு குழாயிலும் காது எண், வயது, தடுப்பூசி விவரம் எழுதுவதை மறக்கக் கூடாது. வயது எழுதாத குழாயில் இருந்து வரும் தாள், முகவரி இல்லாத தபால்தான்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த மருந்து கேட்கும் என்று எதிர்ப்பொருள் பரிசோதனை சொல்லவே சொல்லாது. மைக்கோபிளாஸ்மா என்று உறுதியானால், பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் வேலை செய்யாது. அவை கிருமியின் சுவரைத் தாக்கும் மருந்துகள், இந்தக் கிருமிக்குச் சுவரே கிடையாது. டைலோசின், டயாமுலின், டெட்ராசைக்ளின் வகைகளில் எது, எவ்வளவு, எத்தனை நாள், விற்பனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கோழித் தீவனம் கலந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளும் டயாமுலினும் ஒன்றாக உள்ளே போனால் பன்றி நடக்க முடியாமல் விழுந்து சாகும். இருமலில் சாகாத பன்றி மருந்தில் செத்த கதையாகிவிடும்.

மருந்துக்கு இணையாகப் பலன் தருவது, ஒரு வயதுக் குழுவை ஒன்றாக விட்டு ஒன்றாக விற்பது. இடையில் கொட்டகையைக் கழுவிக் காயவிட வேண்டும். பெரிய பன்றி இருமும் அறைக்குள் பால் மறந்த குட்டியை விடவே கூடாது.

‘‘கிடா வாங்கும்போது ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்கலாமா? கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.’’

- ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்.

தாராளமாகக் கேட்கலாம். உண்மையில் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு நிஜமான வேலை இருப்பது இங்கேதான். மேலே தருமபுரி வாசகருக்குப் பெரிதாக உதவாத அதே பரிசோதனை, வாங்குபவருக்கு நிறையவே உதவும். ஏனென்றால் வாங்குபவர் ‘இந்தப் பன்றிக்கு இன்று நோயா’ என்று கேட்கவில்லை, ‘இது கிருமியைச் சந்தித்திருக்கிறதா’ என்று கேட்கிறார். பரிசோதனை பதில் சொல்லும் கேள்வியும் அதுதான். மைக்கோபிளாஸ்மா தொற்றிய பன்றி, இருமல் நின்ற பிறகும் ஆறேழு மாதம் வரை மற்றவற்றுக்குப் பரப்பக்கூடும்.

டென்மார்க்கில் இதை வைத்தே ஓர் ஏற்பாடு 1970-களிலிருந்து நடக்கிறது. இனவிருத்திப் பன்றி விற்கும் தலைமைப் பண்ணைகளில் மாதந்தோறும் ரத்தம் எடுத்து, எந்தெந்தக் கிருமி இல்லை என்று பதிவு செய்கிறார்கள். வாங்குபவர் பதிவைப் பார்த்துவிட்டு, தன் பண்ணைக்கு ஒத்த நிலையில் உள்ள பண்ணையில் வாங்குகிறார். அவர்கள் பார்ப்பது ஒரு கிடாவின் தாளை அல்ல, அந்தப் பண்ணை முழுவதன் நிலையை. இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். ‘கிடாவுக்கு நெகட்டிவ்’ என்பதைவிட, ‘எங்கள் பண்ணையில் இத்தனை பன்றிக்கு எடுத்தோம், ஒன்றுக்கும் இல்லை’ என்பது பல மடங்கு பலமான சொல்.

எத்தனை பன்றிக்கு எடுத்தால் போதும் என்பதிலும் சிறு பண்ணைக்காரர் ஏமாறக் கூடாது. பத்தில் ஒன்றுக்குத் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், அதை 95 சதவிகித நம்பிக்கையுடன் கண்டுபிடிக்கப் பெரிய பண்ணையில் சுமார் 30 பன்றிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். 20 பன்றி மட்டுமே உள்ள பண்ணை என்றால் 2-தானே போதும் என்று தோன்றும். கணக்குப்படி 16-க்கு எடுக்க வேண்டும்! கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும்.

தாள் கிடைக்கவில்லை என்றால் கிடாவைத் தனியாகக் கட்டிவைக்க முடியும் அல்லவா? ஒரு மாதம் கட்டாயம், இரண்டு மாதம் என்றால் நல்லது. தீனி போடும் ஆள் முதலில் சொந்தப் பன்றிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும். வந்த அன்று ஒரு முறை, கலப்பதற்கு முன்பு ஒரு முறை ரத்தம் எடுக்கலாம். கோபித்துக்கொள்ளும் விற்பனையாளரிடம் தடுப்பூசி விவரத்தையாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போட்ட கிடா பாசிட்டிவ் வந்தால், அந்த விவரம் இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஆக்டினோபேசில்லஸ் என்ற இன்னொரு நுரையீரல் கிருமிக்கு மட்டும் இதில் ஒரு வசதி உண்டு. அது உயிருள்ள பன்றிக்குள் பெருகும்போது மட்டுமே சுரக்கும் ஒரு நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா இருக்கிறது. செத்த கிருமியால் செய்த தடுப்பூசி போட்ட பன்றிக்கு அதில் பாசிட்டிவ் வராது. வந்தால் உண்மையான தொற்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அது கொல்லும் ரகமா, சாதுவான ரகமா என்று அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. அந்தக் கிருமி நோய்க்குறியே இல்லாமல் தொண்டைச் சதையில் மாதக்கணக்கில் குடியிருக்கும் என்பதால், கிடா பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஏமாறவும் கூடாது.

‘‘ராத்திரி நன்றாக இருந்த இரண்டு பன்றிகள் விடிவதற்குள் செத்துக் கிடந்தன. மூக்கில் ரத்த நுரை. எந்த ரத்தப் பரிசோதனை செய்வது?’’

- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

எதிர்ப்பொருள் பரிசோதனை வேண்டவே வேண்டாம். ஆக்டினோபேசில்லஸ் இப்படித்தான் திடீரென்று கொல்லும், ஆனால் எதிர்ப்பொருள் உருவாவதற்கு முன்பே பன்றி செத்துவிடுகிறது. அந்த ரத்தத்தில் நெகட்டிவ் வந்தாலும் அர்த்தமில்லை.

அதைவிட முக்கியம், செத்த பன்றியை வீட்டில் யாரும் அறுத்துப் பார்க்கக் கூடாது, கறிக்கும் கொடுக்கக் கூடாது. திடீர்ச் சாவும் ரத்தக் கசிவும் அடைப்பான் நோயிலும், பன்றிக்காய்ச்சலிலும், 2020-ல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலிலும் வரும். உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, 1962 எண்ணுக்கோ சொல்ல வேண்டும். மருத்துவர் வந்து அடைப்பான் இல்லை என்று பார்த்த பிறகு, அவரே திறந்து நுரையீரலின் பின்பக்க மேல்பகுதியையும், அது விலா எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். மருந்து போடாத புதுச் சாவு என்றால் அங்கிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்றும் ஆய்வகத்தில் பார்க்க முடியும். அதுவரை அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு பன்றியும் வெளியே போகக் கூடாது. மிச்சமுள்ளவற்றுக்கு ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்த்து, காது எண்ணோடு எழுதி வைத்தால் மருத்துவர் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.